நிலைதளர்ந்த பிள்ளையை நிலைநிறுத்துவோம்



நற்காட்சிக்கு எட்டு உறுப்புகள் உண்டென்பதை நம் இல்லங்களில் சிறுவரும் அறிவர். ஐயமின்மை முதலாகப் பிரபாவனை ஈறாக அவற்றை வரிசையாகச் சொல்லும் பிள்ளைகளைப் பாடசாலைகளில் கேட்டு மகிழ்ந்திருக்கிறோம். முதல் நான்கும் பெரும்பாலும் நம் உள்ளத்தைத் தூய்மை செய்வன. ஐந்தாவதாகிய உபகூஹனம், ஆறாவதாகிய ஸ்திதிகரணம், ஏழாவதாகிய வாத்ஸல்யம் ஆகிய மூன்றும் நம்மைப் பிறர்பால் திருப்புவன. இம்மூன்றனுள் நடுவே நிற்கும் ஸ்திதிகரணத்தைக் குறித்தே இங்குச் சிந்திக்க விழைகிறோம்.

சமந்தபத்திராசாரியார் தம் ரத்னகரண்டக சிராவகாசாரத்தில் இவ்வுறுப்பை விளக்குமிடத்து மூன்று செய்திகளை அடக்கியுள்ளார். காட்சியினின்றோ ஒழுக்கத்தினின்றோ வழுவுகின்றவர் இதற்கு உரியவர். அவரை மீண்டும் அந்நிலையில் நிறுத்துதல் இதன் செயல். அதனைச் செய்வோர் அறத்தின்பால் அன்புடையவராகவும் அறிவுடையவராகவும் இருத்தல் வேண்டும். அன்பிருந்து அறிவில்லையேல் செல்லம் கொடுத்துக் கெடுப்போம். அறிவிருந்து அன்பில்லையேல் தீர்ப்புக் கூறிவிட்டு விலகி நிற்போம். இரண்டும் சேர்ந்தவிடத்தே ஸ்திதிகரணம் நிகழ்கிறது.

சிறு தவறுகளில் இவ்வறத்தைக் கடைப்பிடித்தல் எளிது. இரவில் உண்டுவிட்ட பிள்ளையைத் திருத்துவதற்கு ஒரு சொல் போதும். பதினைந்து வயது மகன் தாயின் நகையை எடுத்து விற்றுவிடுகிறான் என்று வைத்துக்கொள்வோம். பள்ளிக்கெனப் புறப்பட்டு வேறெங்கோ திரிகிறான். போதைப் பொருளைத் தொட்டுவிட்டான். தடுத்த தந்தைமீதே கை ஓங்குகிறான். ஒருநாள் அடிதடி வழக்கில் அவனைத் தேடிக் காவலர் வாயிலில் வந்து நிற்கின்றனர். அப்போது அக்குடும்பம் என்ன செய்யும்? ஊர் என்ன செய்யும்? ஸ்திதிகரணம் சோதிக்கப்படும் இடம் இதுவே.

இரு தவறான வழிகள்

இத்தகைய நிலையில் குடும்பங்கள் பெரும்பாலும் இரண்டில் ஒன்றைத் தேர்கின்றன. ஒன்று, மூடி மறைத்தல். தங்கையின் திருமணம் தடைப்படுமே, உறவினர் நகைப்பாரே என்றஞ்சிச் செய்தியை வெளிவிடாமல், பறிகொடுத்தவர்க்குப் பணம் கொடுத்து வாயடைத்து, மகனிடம் எதுவும் கேளாமல் விட்டுவிடுதல். மற்றொன்று, கைகழுவுதல். எனக்கு இப்படியொரு மகனே இல்லை என்று தலைமுழுகிவிடுதல், அல்லது கண்காணாத ஊர் விடுதியில் சேர்த்துவிட்டுத் திரும்பிப் பாராதிருத்தல்.

முதல் வழியைச் சிலர் உபகூஹனம் என்று எண்ணிக்கொள்கின்றனர். அது பொருந்தாது என்பதை ஜினேந்திரபக்தர் கதையே காட்டும். தாமிரலிப்தி நகரத்து வணிகராகிய அவர் இல்லத்துச் சைத்தியாலயத்தில் ஜினபிம்பத்தின் முக்குடையில் விலைமதிப்பரிய மணியொன்று பதிக்கப்பட்டிருந்தது. அதனைக் கவர எண்ணிய கள்வன் விரதியைப் போல் வேடம் பூண்டு அவருடைய நம்பிக்கையைப் பெற்றான். ஓரிரவு மணியோடு ஓடினான். காவலர் துரத்த, வேறு வழியின்றி வணிகரிடமே வந்து விழுந்தான். விரதியர் வேடத்தின்மீது பழி வந்துவிடுமே என்று கருதிய வணிகர், என் சொற்படியே இவர் மணியைக் கொணர்ந்தார் என்று காவலரைத் திருப்பி அனுப்பினார். கதை இவ்வளவோடு முடியவில்லை. மணி உரிய இடத்திற்கே மீண்டது. தனிமையில் அவனை அவர் கடிந்துரைத்து வெளியேற்றினார். ஊரறிய இழிவுபடுத்துதலைத் தவிர்த்தார். அவன் செய்த குற்றத்தை அவனுக்கு உணர்த்துவதைத் தவிர்க்கவில்லை. கவர்ந்த பொருளை அவன் கையிலேயே விட்டுவிடுவது உபகூஹனம் ஆகாது.

இரண்டாம் வழிக்கு மறுமொழி வாரிஷேண முனிவர் கதையில் உள்ளது. மகதத்து மன்னர் சிரேணிகரின் மைந்தராகிய அவர் துறவு பூண்டபோது, அமைச்சர் மகனாகிய புஷ்படாலரும் அவரைத் தொடர்ந்து துறந்தார். ஆண்டுகள் பல கழிந்தும் புஷ்படாலரின் உள்ளம் விட்டுவந்த மனைவியையே நாடி நின்றது. வாரிஷேணர் அவரைத் தகுதியற்றவர் என்று தள்ளினாரில்லை. தாம் துறந்த அரண்மனைக்கே அவரை உடனழைத்துச் சென்றார். அணிகலன் பூண்ட தம் அரசியரை வரவழைத்து, வேண்டுமாயின் இவ்வாழ்வு முழுவதையும் நீரே ஏற்றுக்கொள்க என்றார். இத்தனையையும் உதறியவர் முன் தாம் எதனைப் பற்றிக்கொண்டு நிற்கிறோம் என்று நாணிய புஷ்படாலர் கழுவாய் ஏற்று மீண்டும் நிலைபெற்றார். வழுவியவன் உள்ளம் எங்கே ஓடுகிறதென்பதை அறிந்து, அவ்விடத்திற்கே உடன்சென்று திருத்தியமையால்தான் ஸ்திதிகரணத்திற்கு அவர் எடுத்துக்காட்டாயினார்.

வினையும் நிமித்தமும்

அவன் முன்வினை அப்படி, நாம் என்ன செய்ய இயலும் என்று சிலர் மனந்தளர்ந்து கூறுவதுண்டு. வினைக்கொள்கையை முழுமையாகக் கற்றவர் அவ்வாறு கூறார். கட்டுண்ட வினை உதயமாகிப் பயன்தரும்போது திரவியம், க்ஷேத்திரம், காலம், பாவம் ஆகிய நிமித்தங்களைச் சார்ந்தே பயன்தருகிறது என்பது ஆகமக் கருத்து. இடமும் காலமும் கூட்டும் மாறும்போது வினைப்பயன் வெளிப்படும் வகையும் மாறும். உபாதானம் அப்பிள்ளையின் உயிர். அதனை நாம் மாற்ற இயலாது. நிமித்தங்களாக அவனைச் சூழ நிற்பவர் நாம். தந்தையின் சொல், தாயின் கண்காணிப்பு, தோழர் கூட்டம், பள்ளி, தெரு, கோயில் யாவும் நிமித்தங்களே. இவற்றைத் திருத்துவது நம் கையில் உள்ளது.

இக்காலத்து உளவியலார் சிலர், நம் நூல்களை அறியாமலே, இதனையொத்த முடிவுக்கு வந்துள்ளனர். 1979இல் யூரி புரோன்ஃபென்பிரென்னர் என்னும் அமெரிக்க அறிஞர், குழந்தை தனித்து வளர்வதில்லை. குடும்பம், பள்ளி, அக்கம்பக்கம், சமுதாயம் என ஒன்றன்மேல் ஒன்றாகச் சூழ்ந்த வட்டங்களின் நடுவே வளர்கிறது என்று விரித்தெழுதினார். அவ்வடிப்படையில் ஸ்காட் ஹெங்கலர் என்பவரும் அவர்தம் உடனுழைப்பாளரும் உருவாக்கிய முறை ‘மல்டிசிஸ்டமிக் தெரபி’ எனப்படுகிறது. பல்சூழல் சிகிச்சை என்று அதனைத் தமிழில் கூறலாம். கடுங்குற்றங்கள் செய்து நீதிமன்றம் வரை சென்ற 12 முதல் 17 வயதுடைய பிள்ளைகளுக்கென அது வகுக்கப்பட்டது.

அதன் செயல்முறை நாம் அறியத்தக்கது. பிள்ளையை மருத்துவமனைக்கு வரவழைப்பதில்லை. சிகிச்சையாளர் அவன் வீட்டிற்கே செல்கிறார். ஒருவர் ஒரே காலத்தில் நான்கு முதல் ஆறு குடும்பங்களை மட்டுமே ஏற்கிறார். மூன்று முதல் ஐந்து திங்கள் வரை இப்பணி நடைபெறுகிறது. இரவு பகல் எந்நேரமும் குடும்பத்தார் அழைத்தால் சிகிச்சைக் குழுவினர் ஒருவர் மறுமொழி கூறுகிறார். இப்பிள்ளை ஏன் இவ்வாறு செய்கிறான் என்னும் கேள்விக்குப் பெற்றோர், ஆசிரியர், உறவினர் அனைவரிடமும் விடை தேடுகின்றனர். ஒருவீட்டில் தந்தையின் மதுப்பழக்கம் வேராக இருக்கும். மற்றொன்றில் தாய்தந்தையர் ஆளுக்கொரு விதி கூறுவது காரணமாகும். வேறொன்றில் பாடம் புரியாமல் பள்ளியில் பட்ட அவமானம் அவனைத் தெருவிற்குத் தள்ளியிருக்கும். யானையைத் தொட்ட குருடர் ஒவ்வொருவரும் ஒரு பகுதியையே யானையென்று வாதிட்ட கதையை நாம் அனேகாந்தத்திற்கு எடுத்துக்காட்டாகக் கூறுவோமே, அக்கதை இங்கும் பொருந்தும். ஆசிரியர் கண்டது ஒரு நயம், தாய் கண்டது ஒரு நயம். அனைத்தையும் ஒருங்கே வைத்து நோக்கினால்தான் பிள்ளையின் உண்மை நிலை புலப்படும்.

காரணம் விளங்கியபின், திருத்தும் பொறுப்பு பெற்றோர் கையிலேயே ஒப்படைக்கப்படுகிறது. மகன் எங்கே இருக்கிறான், யாரோடு இருக்கிறான், எப்போது திரும்புவான் என்பதைப் பெற்றோர் நாள்தோறும் அறிந்திருக்கப் பழக்குகின்றனர். வீட்டு விதிகள் சிலவாகவும் தெளிவாகவும் வகுக்கப்படுகின்றன. கடைப்பிடித்தால் இன்ன நன்மை, மீறினால் இன்ன இழப்பு என்பது முன்னரே கூறப்பட்டு, சினமின்றி நிறைவேற்றப்படுகிறது. தீய நட்பு விலக்கப்படும்போதே விளையாட்டு, தொழிற்பயிற்சி, நற்றோழர் என வேறொன்று அவ்விடத்தில் வைக்கப்படுகிறது. அண்டைவீட்டாரும் உறவினரும் துணைக்கு அழைக்கப்படுகின்றனர். முன்னேற்றம் காணாவிடில் அக்குடும்பத்தைப் பழிக்காமல், தம் அணுகுமுறையில் என்ன குறையென்று சிகிச்சைக் குழுவினரே ஆராய்கின்றனர்.

மிசௌரி மாநிலத்தில் சார்லஸ் போர்டுவின் என்பவரும் உடனிருந்தோரும் 176 பிள்ளைகளிடம் செய்த ஆய்வு 1995இல் வெளியாயிற்று. நான்கு ஆண்டுகள் கழித்துப் பார்க்கையில், தனியே அமர்த்தி அறிவுரை கூறப்பட்டவருள் நூற்றுக்கு 71 பேர் மீண்டும் கைதாகியிருந்தனர். குடும்பத்தோடு சிகிச்சை பெற்றவருள் நூற்றுக்கு 26 பேரே அவ்வாறாயினர். ஏறத்தாழ 14 ஆண்டுகள் சென்றபின்னும் இவ்வேறுபாடு முற்றும் மறையவில்லை; 2005இல் வெளியான தொடராய்வில் அவ்விகிதம் 81க்கு 50 என இருந்தது. யூட்டா பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் அலெக்சாந்தர் 1970களில் தொடங்கிய குடும்பச் செயல்முறைச் சிகிச்சையும், ஆரிகன் மாநிலத்தில் பாட்ரீசியா சேம்பர்லின் வகுத்த வளர்ப்புக் குடும்பச் சிகிச்சையும் இதே நோக்குடையன. பின்னதில், வீட்டில் இருக்க இயலாத பிள்ளை பயிற்சி பெற்ற வேறொரு குடும்பத்தில் சிலகாலம் வளர்க்கப்படுகிறான். அதே வேளையில் அவன் பெற்றோரும் பயிற்சி பெறுகின்றனர்.

அச்சுறுத்தலும் கூட்டிவைத்தலும்

இதற்கு மாறான வழிகளின் விளைவையும் அறிதல் நன்று. 1970களில் நியூ ஜெர்சி மாநிலத்துச் சிறையொன்றுக்கு வழிதவறிய பிள்ளைகளை அழைத்துச் சென்று, ஆயுள் கைதிகளைக் கொண்டு அவர்களை அச்சுறுத்தினர். அதைப் படமாகவும் எடுத்து 1978இல் வெளியிட்டனர். நாடெங்கும் பாராட்டு எழுந்தது. ஆயின் இத்தகைய திட்டங்களைப் பிற்காலத்தில் தொகுத்து ஆராய்ந்தவர்கள், எதுவும் செய்யாது விடப்பட்ட பிள்ளைகளைக் காட்டிலும் அச்சுறுத்தப்பட்ட பிள்ளைகளே மிகுதியாகக் குற்றம் புரிந்தனர் என்று கண்டனர். நம் ஊரிலும், ஒருநாள் காவல் நிலையத்தில் உட்கார வைத்தால் புத்தி வரும் என்று கூறுவோர் இதனை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

வழிதவறிய பிள்ளைகளை ஒன்றாகக் கூட்டிவைத்து அறிவுரை கூறுவதிலும் இடர் உண்டு. தாமஸ் டிஷன் முதலானோர் 1999இல் இதனை எடுத்துக்காட்டினர். ஒருவன் தன் முறைகேட்டைக் கூறும்போது மற்றவர் சிரித்து மகிழ்கின்றனர். அச்சிரிப்பே அவனுக்குப் பரிசாகி மேலும் கெடுக்கிறது. நல்லினம் சேர்தலையும் தீயினம் விலக்கலையும் நம் முன்னோர் ஓயாது வற்புறுத்தியதன் பொருள் இதனால் மேலும் விளங்குகிறது.

எனினும் எம்முறையையும் மந்திரமாகக் கொள்ளலாகாது. இங்கிலாந்தில் 684 குடும்பங்களில் இப்பல்சூழல் சிகிச்சை ஆராயப்பட்டு 2018இல் முடிவு வெளியாயிற்று. அங்கு வழக்கமாக அளிக்கப்பட்டு வந்த உதவியைக் காட்டிலும் இம்முறை, பிள்ளைகள் வீட்டைவிட்டு வேறிடத்தில் வைக்கப்படுவதைக் குறைப்பதில் மேலானதாகத் தோன்றவில்லை. ஆகவே பெயரைப் பற்றிக்கொள்வதில் பயனில்லை. உடன்செல்லுதல், காரணம் அறிதல், சூழலைத் திருத்துதல், பெற்றோர் கையை வலுப்படுத்துதல் என்னும் உட்பொருளை நம் இடத்திற்கும் நிலைக்கும் ஏற்பக் கொள்ளுதலே தக்கது. நம் நாட்டில் இத்தகைய பயிற்சி பெற்றவரை எளிதில் காணவியலாது. ஆயினும் குழந்தை மனநல மருத்துவரும் உளவியல் ஆலோசகரும் உள்ளனர். அவரை நாடுவதில் வெட்கம் கொள்ளற்க.

குடும்பத்தின் கடமை

தாயும் தந்தையும் முதலில் ஒரே சொல்லினராதல் வேண்டும். தந்தை மறுத்ததைத் தாய் மறைவில் கொடுத்தால் விதி அங்கேயே முறிந்துபோம். தாத்தாவும் பாட்டியும் தாய்மாமனும் இவ்வுடன்பாட்டில் சேர்தல் நன்று. சினத்தில் அடித்தல் பயன்தராது. அடித்துப் பழகிய வீட்டில் பிள்ளை கற்றுக்கொள்வது அடித்தலையே. அஹிம்சை கோயில் வாயிலோடு நின்றுவிடும் விரதம் அன்று. அடங்காத மகன்முன் நாவையும் கையையும் அடக்குதலும் அஹிம்சாணுவிரதமே. தண்டனை அளித்தால் அதற்கு ஓர் எல்லை வேண்டும். சிலப்பதிகாரத்தில் தம்மோடு வந்தவரை இகழ்ந்த இருவரை நரிகளாகுமாறு சபித்த கவுந்தியடிகளும், கண்ணகியும் கோவலனும் வேண்டிக்கொள்ளப் பன்னிரு திங்களில் அவர் பழைய வடிவம் பெறுமாறு சாபத்திற்கு முடிவு வகுத்தார். திரும்பிவரும் நாள் குறிக்கப்படாத தண்டனை திருத்துவதற்குரியதன்று.

பறிகொடுத்தவரையும் காயம்பட்டவரையும் மறவாதிருத்தல் வேண்டும். மகன்மீது காட்டும் இரக்கத்தை அவர்தம் இழப்பின்மேல் கட்டலாகாது. எடுத்த பொருளை அவனே உழைத்துத் திருப்பித் தருமாறு செய்க. பெற்றோர் உடனிருக்க அவனே சென்று மன்னிப்பு வேண்டுக. வீட்டிலுள்ளோரின் உயிருக்கு ஊறு நேரும் நிலையெனில், காவல்துறையின் உதவியை நாடுவதும் அறமே. அவ்வேளையிலும் அவனுடன் செல்பவர் ஒருவர் இருக்கட்டும்.

சட்டமும் இதற்குத் துணையாகவே உள்ளது. 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், பதினெட்டு வயது நிரம்பாதவரைச் சட்டத்திற்கு முரண்பட்ட குழந்தை என்றே குறிப்பிடுகிறது. குழந்தையை வளர்க்கும் முதற்பொறுப்பு குடும்பத்திற்கே உரியது, இல்லங்களில் வைப்பது இறுதி வழியாகவே இருத்தல் வேண்டும் என்பன அதன் அடிப்படைக் கோட்பாடுகளில் அடங்கும். அறிவுரை கூறிப் பெற்றோரிடம் அனுப்புதல், பெற்றோர்க்கும் பிள்ளைக்கும் ஆலோசனை அளித்தல், சமுதாயப் பணி செய்வித்தல், நன்னடத்தைக் கண்காணிப்பில் விடுதல் ஆகியவற்றை இளைஞர் நீதிக் குழுமம் ஆணையிடலாம். அப்பிள்ளையின் பெயரையும் அடையாளத்தையும் செய்தித்தாள் முதலியவற்றில் வெளியிடுவது குற்றமாகும். பதினாறு வயது நிரம்பியவர் மிகக் கொடிய குற்றம் புரிந்தால் நடைமுறை கடுமையாகலாம் என்பதையும் பெற்றோர் அறிந்திருத்தல் நன்று. குழந்தைகளுக்கான உதவிக்கு 1098 என்னும் தொலைபேசி எண் உள்ளது.

சமுதாயத்தின் கடமை

அடையாளத்தை மறைக்கச் சட்டம் கூறுகிறது; நம் நாவோ அதனை ஊர் ஊராகச் சுமந்து செல்கிறது. வந்தவாசி, செஞ்சி, ஆரணி, திண்டிவனம் பகுதிகளில் பரவியுள்ள நம் சமுதாயம் சிறியது. ஓர் ஊரில் காலையில் நடந்தது மாலைக்குள் மற்றோர் ஊரில் பேசப்படும். ஒரு குடும்பத்தின் துன்பத்தைத் திருமணப் பேச்சில் குறையாக வைத்து எடைபோடுவோமாயின், எல்லாக் குடும்பங்களும் மறைக்கவே கற்கும். மறைத்த நோய் முற்றிய பின்னரே வெளிப்படும். புறங்கூறாமை இங்கு நாம் அளிக்கும் முதல் மருந்து. எனினும் சமுதாயம் சிறிதாயிருப்பது நமக்கு ஒரு பேறுமாகும். அமெரிக்காவில் ஊதியம் பெறும் ஒருவர் தேடிச்சென்று அமைத்துத் தரவேண்டிய சூழல் வட்டம் நமக்கு உறவாகவே அமைந்துள்ளது.

செய்யக்கூடியவை எளியன. கடை வைத்திருப்பவர் மாலை இருமணி நேரம் அப்பிள்ளையைத் தம் அருகில் இருத்தித் தொழில் கற்பிக்கலாம். ஓய்வுபெற்ற ஆசிரியர் அவன் விட்டுவிட்ட பாடங்களைச் சொல்லித்தரலாம். நடமாட்டத்தில் தவறு கண்டவர் ஊரிடம் கூறாமல் பெற்றோரிடம் மட்டும் கூறலாம். ஜினாலயத் திருவிழாவில் அவனை ஒதுக்காமல், பல்லக்குத் தாங்கவும் அபிஷேகத்திற்கு நீர் கொணரவும் அழைக்கலாம். வழிதவறிய பிள்ளைகளைத் தனிக் கூட்டமாக்காமல், நன்னடையுள்ள இளைஞர் நால்வரிடையே ஒருவனாக அவனை வைக்கலாம். சோர்ந்துபோன அத்தாயின் அருகே ஒரு பகற்பொழுது அமர்ந்து கேட்பதும் ஸ்திதிகரணமே.

தசலட்சண பர்வத்தில் உத்தம க்ஷமையை முதலாவதாக வைத்து வழிபடுகிறோம். பர்வம் நிறைவுற்றபின் க்ஷமாவணி நாளில் ஒருவரையொருவர் கைகூப்பி மன்னிப்புக் கேட்கிறோம். பெரும்பாலும் நாம் கேட்பது நமக்குத் தீங்கு செய்யாதவரிடமே. வரும் க்ஷமாவணியன்று, ஊர் ஒதுக்கிய பிள்ளை எவனேனும் இருப்பானாயின் அவன் வீட்டுக் கதவை முதலில் தட்டுவோம். கள்வனாயிருந்த அஞ்சனனை ஐயமின்மைக்கு எடுத்துக்காட்டாக வைத்து, அவன் வீடுபேறு எய்திய கதையை நம் பிள்ளைகளுக்குச் சொல்லி வளர்க்கும் சமயம் நம்முடையது. நம் தெருப் பிள்ளை ஒருவனைத் திருந்தமாட்டான் என்று தீர்த்துக் கூறும் உரிமை நமக்கு ஏது?

வழுவியவரைத் தாங்குவோம், நிலைநிறுத்துவோம்.

அறம் வளர்க! அனைத்துயிரும் இன்புறுக!